நம் தூய்மைக்காக யார் இறங்குவது?



தூய்மையைப் பற்றி நம் பள்ளிவாசல்களில் கேட்ட உரைகளுக்குக் கணக்கில்லை. உளூவின் ஃபர்ளுகள் எத்தனை, எந்த நீரால் சுத்தம் செய்யலாம், எந்த நீரால் கூடாது என்பதெல்லாம் மதரசாவில் ஏழு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆயினும் நம் உடலையும் வீட்டையும் விட்டு நீங்கிய அசுத்தம் அதன்பின் எங்கே போகிறது, அதை யார் சுமக்கிறார்கள் என்று நான் எந்த உரையிலும் கேட்ட நினைவில்லை. நானாகவும் கேட்டுக்கொண்டதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு சங்கடம் அந்தக் கேள்வியை என் முன் நிறுத்தியது. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருவருக்கேனும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

உத்திரமேரூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் எங்கள் வீடு. வடகிழக்குப் பருவமழை பத்து நாள்களாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஏரி நிரம்பியிருந்தது. கொல்லைக் கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் நீர் நின்றது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் என் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், நாள் குறிப்பதற்காகப் பதினைந்து பேருடன் வருவதாக இருந்தார்கள். மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பியபோது என் மனைவி குளியலறை வாசலில் புடவையை முழங்கால்வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே தரையில் தண்ணீர் வடியும் ஜாலியிலிருந்து கறுத்த நீர் குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. நாற்றத்தை எழுத வேண்டியதில்லை.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழைய துணிகளை வாசலில் அணைகட்டினேன். பினாயிலை ஊற்றினேன். நீண்ட மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தினேன். ஒரு வாளி நீரை அள்ளி வெளியே கொட்டினால் இரண்டு வாளி ஏறிவந்தது. சமையலறைத் தொட்டியில் கை கழுவினால் கழிப்பறைக் கோப்பையில் மட்டம் உயர்ந்தது. பிறகு வந்த கொத்தனார்தான் இதன் பொருளை விளக்கினார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீர் தேங்கினால் அடைப்பு அந்தக் குழாயில் இருக்கிறது. ஓரிடத்தில் ஊற்றிய நீர் வேறோர் இடத்தில் ஏறிவந்தால், எல்லாக் குழாய்களும் சேருமிடத்துக்கு அப்பால், தொட்டியிலோ அதற்குப் பின்னாலோதான் கோளாறு. அப்போது குழாயைக் குத்துவதால் பயனில்லை. செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டில் எந்தக் குழாயையும் திறக்காமல் இருப்பது.

எங்கள் தொட்டி 1988இல் என் அத்தா கட்டியது. அதற்குமுன் கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ்தான் இருந்தது. தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஐம்பத்தெட்டு வயதுவரை நான் அறிந்துகொள்ளவில்லை. அதற்குள் போகும் கனமான பொருள் அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. நடுவில் நிற்கும் நீர் மட்டும் இரண்டாம் அறைக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. தொட்டி எப்போதும் நிறைந்தேதான் இருக்கும். உள்ளே ஒரு குடம் போனால் வெளியே ஒரு குடம் போக வேண்டும், அவ்வளவுதான் அதன் கணக்கு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுக்காவிட்டால் அது நீரோடு கலந்து உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். ஏரி நிரம்பி நிலத்தடி நீர் மேலேறும் மழைக்காலத்தில், ஏற்கெனவே அடைபட்ட குழி ஒரு சொட்டையும் வாங்காது. போக வழியில்லாத நீர், வந்த வழியே வீட்டுக்குள் திரும்பும்.

அத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடத் தொட்டியைத் திறக்கவில்லை. மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வாசலுக்குக் கிரானைட் பதித்தேன். குளியலறைச் சுவருக்கு மேல்வரை வெள்ளை டைல்ஸ் ஒட்டினேன். கண்ணுக்குத் தெரிந்த தூய்மைக்கெல்லாம் செலவு செய்தவன் கண்ணுக்குத் தெரியாததை மறந்துவிட்டேன்.

இதில் எனக்குக் கூடுதலாக ஒரு வெட்கம் உண்டு. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் எங்கள் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை எத்தனையோ மாணவர்களுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே காட்டியிருக்கிறேன். அந்தச் சபையில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்தது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடியும் தேர்வாகத் தகுதியற்றவர்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கணக்குக் கேட்டவர்களின் ஊர் இது. அதே மண்ணில் என் கொல்லையில் இருந்த ஒரு சிறு தொட்டிக்கு நான் கணக்கு வைத்திருக்கவில்லை.

கழிவுநீர் லாரிக்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். மழையில் எல்லா வீட்டிலும் இதே தொல்லை என்றும், சனிக்கிழமைக்கு முன் வர இயலாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கோ வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வீடு சுத்தமாக வேண்டும். மகளின் சம்பந்தி வீட்டார் முதன்முறையாக வருகிற நாளில் வீடு நாறினால் என்ன நினைப்பார்கள்? அந்த எண்ணம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அப்போது என் தலைக்குள் இல்லை.

பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் வழி சொன்னார். "லாரியெல்லாம் எதுக்கு? கடைசித் தெருவுல ஒருத்தர் இருக்கார். ராத்திரியில வந்து வாளியில மொண்டு எடுத்துடுவார். கூலியோட ஒரு குவார்ட்டருக்கும் சேர்த்துக் குடுத்தாப் போதும்." மதுவுக்குப் பணம் தருவது எனக்கு உறுத்தியது. "கூலியையே கூட்டிக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். ஹராமிலிருந்து விலகிவிட்டேன் என்று மனதுக்குள் நிம்மதியும் அடைந்தேன். ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் இறக்கப்போகிறேன் என்பது உறுத்தவில்லை. என் பேணுதலின் அளவு அன்று அவ்வளவுதான்.

இஷாவுக்குப் பின் அவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். முன்வாசலில் விளக்கெரிந்தும், யாரும் சொல்லாமலே சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவருகே வந்து நின்றார். கையில் ஒரு கடப்பாரை, கயிறு கட்டிய வாளி. காலில் செருப்புகூட இல்லை. சிலாப்பை நெம்பி நகர்த்தினார். உள்ளிருந்து எழுந்த ஆவியில் நான் நாலடி பின்வாங்கினேன். அவர் அங்கேயே நின்று, "ஒரு மணி நேரம் தொறந்து விட்டுட்டா காத்தெல்லாம் போயிடும் பாய். அப்புறம் எறங்கிடலாம்" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து முருங்கைக் கிளையில் தொங்கவிட்டார்.

அந்த நேரத்தில் என் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைத் திண்ணைக்கு வந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயது. பார்வை மங்கல். "யாருப்பா அது?" என்றார்கள். அவர் தம் பெயரைச் சொன்னார். "யார் மகன்?" என்றார்கள். தம் தாயின் பெயரைச் சொன்னவர், சற்று நிறுத்தி, "இந்த வீடு எனக்குத் தெரியும் பாயம்மா. சின்னப் புள்ளையில எங்கம்மாகூட வந்திருக்கேன்" என்றார்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் நாள்தோறும் விடியலில் அதே சந்து வழியாக வந்து, சாம்பலைத் தூவி, வாரி, தலைமேல் சுமந்துகொண்டு போன பெண்மணியின் மகன் அவர். அந்தப் பெண்மணியை எனக்கும் நினைவிருந்தது. முகம் நினைவில்லை. கூடையின் விளிம்பில் வழிந்ததும், அவர் சந்தில் வரும்போது நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியதும்தான் நினைவிருந்தன. அம்மாவுக்கு வேறொன்று நினைவிருந்தது. "உங்கம்மா தண்ணி கேட்டா நான் சொம்பை உசரத்துல பிடிச்சு ஊத்துவேன். சொம்பு அவ கையில பட்டுடக்கூடாதுன்னு. அஞ்சு வேளை தொழுதுகிட்டுத்தான் அதைச் செஞ்சேன்" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் புள்ளை எறங்க வேணாம். தொட்டியை மூடு. கூலியை முழுசாக் குடு" என்றார்கள்.

நான் தயங்கினேன். நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்களே என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்: "எறங்காம கூலி வாங்கினாக் கடனாயிடும் பாய். பழக்கம்தான் எனக்கு, ஒண்ணும் ஆகாது."

'ஒன்றும் ஆகாது' என்ற அந்தச் சொல்தான் என்னைத் திடுக்கிடச் செய்தது. 2019 மார்ச்சில், எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, திருப்பெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் இறந்துபோனது நினைவுக்கு வந்தது. இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்கப்போனவர் மயங்க, இப்படி ஒருவரைக் காப்பாற்ற ஒருவராக இறங்கி உயிர்விட்டார்கள். வீட்டு உரிமையாளரும் அவருடைய இரண்டு மகன்களும் அந்த ஆறு பேரில் அடக்கம். செய்தித்தாளில் படித்தபோது 'இன்னாலில்லாஹி' சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான் நானும்.

'ஒரு மணி நேரம் திறந்துவைத்தால் போதும்' என்பது நம் ஊர்களில் பரவலாக நிலவும் நம்பிக்கை. அது உண்மையன்று. தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. அது கீழேயே தங்கும். கசடுக்குள்ளும் அது அடைபட்டிருக்கும். காலால் மிதித்தோ கம்பால் கிளறியோ கலைக்கும்போதுதான் ஒரேயடியாக வெளிப்படும். சிறிதளவில் அழுகிய முட்டையைப் போல் நாறும் இந்த வாயு, அளவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டதாக எண்ணி இறங்குகிற நேரமே உயிரைப் பறிக்கும் நேரமாக இருக்கலாம். கூடவே தீப்பற்றும் மீத்தேனும் இருக்கும் என்பதால் தீக்குச்சியோ விளக்கோ காட்டிச் சோதிப்பதும் பேராபத்து. யாரேனும் உள்ளே மயங்கி விழுந்தால், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் பின்னால் இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

சிலாப்பை இருவருமாக நகர்த்தி மூடினோம். கூலியை அவர் கையில் வைத்தேன். "வந்த வேலைக்கு இது. கடன் இல்லை" என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தம் கையாலேயே அவர் கையில் கொடுத்தார்கள். அவர் வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடித்தார். அந்தப் பழக்கம் ஒரு சொம்பில் தீர்ந்துவிடுவதில்லை.

அன்றிரவு குளியலறையைப் பூட்டினோம். பக்கத்து வீட்டு முதலியார் அண்ணன், கேட்பதற்கு முன்பே தம் வீட்டுக் கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டார். பெண்களும் அம்மாவும் அங்கே போய்வந்தார்கள். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனோம். சுபுஹுக்குப் பின் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சம்பந்திக்குத் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னேன். "வீட்டில் கழிவுநீர் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?" மறுமுனையில் அவர் சிரித்தார். "எங்க வீட்லயும் ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான் மச்சான். ஞாயித்துக்கிழமையே வர்றோம்" என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த ஒரு அழைப்பின் கூச்சத்தைத் தவிர்ப்பதற்காக ஒரு மனிதரை நான் குழிக்குள் இறக்கத் துணிந்திருக்கிறேன். கைப்பேசியைக் கீழே வைத்தபோது என் கை நடுங்கியது.

அன்பர்களே, 2013ஆம் ஆண்டின் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடையும் மறுவாழ்வும் பற்றிய அந்தச் சட்டப்படி, உரிய பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியையோ சாக்கடையையோ சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்தக் கூடாது. நிறுவனங்களுக்கு மட்டுமன்றி வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டுவரை சிறையோ, 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இத்தகைய பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தத் தீர்ப்புகள் தாமாக வந்துவிடவில்லை. கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, 2016இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சனைப் போன்றோர் பல்லாண்டு போராடிப் பெற்றவை அவை. "அவர் விரும்பித்தானே வந்தார், கூலி கொடுத்தோமே" என்பது சட்டத்தின் முன் விடையாகாது. மறுமையில் அது விடையாகுமா என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவரைப் பற்றிய செய்தியை நாம் அறிவோம். அவர் இறந்தபோது, பெருமானாருக்குத் தெரிவிக்கும் அளவுக்கு அது முக்கியம் என்று தோழர்கள் எண்ணவில்லை. சில நாளில் அவரைக் காணாமல் விசாரித்த பெருமானார், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று வருந்தி, கப்ரு எங்கே எனக் கேட்டுச் சென்று அவருக்காகத் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்தச் செய்தியை நான் பலமுறை பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டின் அசுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தலையில் சுமந்த பெண்மணி எப்போது இறந்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சில நாள் கழித்து அத்தாவின் பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். பால்காரர், சலவைக்காரர், கொத்தனார் எல்லோருக்கும் பெயரெழுதிக் கணக்கு வைத்திருக்கிறார். ஓரிடத்தில் 'கக்கூஸ் சுத்தம்' என்று எழுதித் தொகை மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

சனிக்கிழமை மாலை லாரி வந்தது. யாரும் இறங்கவில்லை. குழாயை உள்ளே விட்டு, இயந்திரம் உறிஞ்சி எடுத்துக்கொண்டது. புறப்படும்போது, "இதை எங்கே கொட்டுவீர்கள்?" என்று கேட்டேன். ஓட்டுநர் என்னை விநோதமாகப் பார்த்தார். அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போலும். "ஓடைப் பக்கம்தான் சார், எல்லாரும் அங்கதான்" என்றார். அந்த ஓடை ஏரிக்குப் போகிறது. நீர்நிலையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலங்கழிப்பது சாபத்துக்குரியது என்று நபிகளார் எச்சரித்ததை, நம் உடலோடு மட்டும் நிறுத்திக்கொள்ள முடியுமா? லாரியில் ஏற்றி ஏரியில் விட்டாலும் அது நம்முடையதுதான். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதற்கான கூடுதல் டீசல் செலவைத் தருவதாகச் சொன்னேன். சம்மதித்துப் போனார். இப்படிப்பட்ட கசடைச் சுத்திகரிப்பதற்கென்றே தமிழ்நாட்டில் முதன்முதலில் அமைந்த நிலையம் தொலைவில் இல்லை, மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில்தான் இருக்கிறது. கழிவுநீர் லாரிக்கும் புகாருக்கும் 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வழிகள் இருக்கின்றன. தேடும் அக்கறைதான் என்னிடம் இல்லாதிருந்தது.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்தோம். முதலில் கண்ணுக்குத் தெரிந்த அசுத்தத்தை முழுவதும் நீக்கி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றி ஊறவிட்டு, மீண்டும் நல்ல நீரால் அலசினோம். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு எழுந்து நுரையீரலைத் தாக்கும். கழிவு ஏறிய நீரில் நனைந்த பாயையும் துணியையும் தனியே துவைத்து வெயிலில் போட்டோம். கிணற்று நீரை உளூவுக்குப் பயன்படுத்தலாமா என்று இமாமிடம் கேட்டபோது, நிறம், சுவை, வாடை மூன்றும் மாறியிருக்கிறதா பாருங்கள் என்றார். மாறவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு நிறமோ வாடையோ கிடையாது. ஆகவே உளூவுக்கு அதைக் கொண்டோம். குடிப்பதற்குக் கொதிக்கவைத்த நீரைத்தான் கொண்டோம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே சுமார் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. எங்கள் கொல்லையில் அதில் பாதிகூட இல்லை. கிணற்றிலிருந்து தள்ளிப் புதிய உறிஞ்சு குழி எடுத்ததும், உளூ செய்யும் நீரையும் குளிக்கும் நீரையும் தொட்டிக்கு விடாமல் வாழைக்குத் திருப்பியதும், தொட்டியில் காற்றுக் குழாயை உயர்த்தியதும் கோடையில் செய்த வேலைகள். நாள்காட்டியில் மூன்று ஆண்டு தள்ளி ஒரு தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நாள் குறித்தாயிற்று. மகளின் நிக்காஹ் தை மாதத்தில் நடந்தது. அம்மாவின் விருப்பப்படி அவருக்கும் குடும்பத்துக்கும் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவுக்குப் போனேன். ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுவே முதல் முறை. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போனால் பத்து நிமிடம். மரியாதையோடு வாங்கிக்கொண்டார். நிக்காஹ் அன்று அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை கொல்லைக் கதவருகே நிற்கவைத்துவிட்டு, ஓர் அழைப்பிதழால் அதை நேர் செய்துவிடலாம் என்று எண்ணியது என் பிழை. அவருடைய தாயின் பெயரை மட்டும் அத்தாவின் நோட்டில் அந்தத் தொகைக்கு எதிரே எழுதி வைத்தேன்.

தூய்மை ஈமானின் பாதி என்கிறார்கள் பெருமானார் (ஸல்). இன்னொரு மனிதரை அசுத்தத்தில் மூழ்கடித்து நாம் பெறுகிற வெண்மைக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று, ஒவ்வொரு முறை உளூவுக்கு உட்காரும்போதும் இப்போது எனக்குத் தோன்றுகிறது. இந்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டுத் தொட்டி கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நம் பள்ளிவாசல், மதரசா, கல்யாண மண்டபத் தொட்டிகளையும் அந்தக் கேள்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரையும் இறக்காதீர்கள். இறக்கச் சொல்லி யாரேனும் வழி காட்டினால் தடுங்கள்.

நம் வெளித்தூய்மையோடு நம் உள்ளங்களையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக. நாம் பெயரெழுதாமல் விட்ட கணக்குகளை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.